அம்மை சினந்தாளா? அணுக்கள் பொருதனவா?

லால்குடிக்கு வடமேற்கே சமயபுரம். மாசித் திங்களின் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், அங்கே அம்மனே பச்சைப்பட்டினி கிடப்பதாக நம்பிக்கை. கொள்ளிடக்கரை ஊர்களிலிருந்து கூடை கூடையாய்ப் பூ செல்லும். அந்தப் பணிவின் அடியிலே பழைய அச்சமொன்று உறைந்திருக்கிறது, தோழர்களே! பெரியம்மை எனும் பேரச்சம்!

வாயிலில் வேப்பிலை தொங்கினால், 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்றது ஊர். உடலெங்கும் வெடித்த கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். கொடிய வகை கண்ட நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். பிழைத்தோர் பலர் தழும்பு சுமந்தனர்; சிலர் விழியிழந்தனர். வேப்பிலை கண்ட வீட்டுக்குள் அயலார் நுழையாதது நன்மையே செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் காரணம் தவறு. காரணம் தவறினால் மருந்து எப்படிக் கைக்கு எட்டும்?

மருந்து வேறு வழியாக வந்தது. 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர், மாட்டம்மைச் சீழைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். 1802-இல் அம்முறை பம்பாய்க்கு வந்தது. 1899-இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம், கன்றுகளின் தோலிலிருந்து அம்மைப்பால் எடுத்தது. 'குத்தினால் ஆத்தா கோபிப்பாள்' என்று குழந்தைகளை ஒளித்து வைத்தோர் உண்டு. இருந்தும் ஊசி வென்றது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில். உலகில் இயற்கையாய்த் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில், சோமாலியாவில். 1980 மே 8 அன்று, நோய் ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. சமயபுரத்தாள் சினந்ததால் நோய் என்றால், சோமாலியாவில் சினந்தது யார்? அங்கே சினம் தணித்தது எந்தப் பூக்கூடை?

சினம் அன்று, போர். போர்க்களம் நம் குருதி.

உட்கரு உள்ள நம் உயிரணு ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் மரபணு என்னும் ஒரே நூல் இருக்கிறது. எல்லா ஏடுகளும் ஒருங்கே திறந்திருப்பதில்லை. எந்த ஏடு திறந்திருக்கிறது என்பதே அணுவின் தொழிலை முடிவு செய்யும். வைரஸ் புகுந்ததும், வெள்ளணுக்கள் மூடிக்கிடந்த ஏடுகளைத் திறக்கின்றன, சிலவற்றை மூடுகின்றன. 1957-இல் இலண்டனில் ஐசக்சும் லிண்டன்மனும் 'இன்டர்பெரான்' என்ற பொருளைக் கண்டனர். தாக்கப்பட்ட அணு அண்டை அணுக்களுக்கு அனுப்பும் எச்சரிக்கைத் தூது அது. தூது சேர்ந்தால், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழும்.

பெரியம்மை வைரசோ பெருங்கள்வன்! இன்டர்பெரானைப் பற்றிக்கொள்ளும் போலிப் புரதத்தைத் தானே செய்து வெளிவிடுகிறது. ஓலை கொண்டு வருபவனை வழியிலேயே மடக்குவது போல. 2004-இல் கேத்லீன் ரூபின்ஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், இந்நோய் கண்ட குரங்குகளின் குருதியணுக்களில் எந்த மரபணு விழித்தது, எது உறங்கியது என்று கணக்கெடுத்து வெளியிட்டனர். இன்டர்பெரான் எழுப்பும் மரபணுக்கள் ஓங்கி நின்றன. ஆனால் கடும்நோயில், 'டி.என்.எப்.' என்ற மற்றொரு தூதுப்பொருள் எழுப்ப வேண்டிய மரபணுக்கள் எழவில்லை. வைரசே அவற்றை அடக்கியிருக்கலாம் என்று கருதினர்.

ஆத்தாவின் திருவிளையாடல் என்று நம் முன்னோர் அஞ்சியது இந்தப் பூட்டும் திறவுமே! அம்மைப்பால் செய்தது என்ன? பகைவனின் சாயலை முன்கூட்டியே காட்டி, நினைவு கொள்ளும் அணுக்களைப் பழக்கி வைத்தது.

கதை முடிந்ததா? இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் மணல்வாரி, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. கைப்பேசி வழியே வதந்தி பரவிற்று. பெற்றோர் பலர் தயங்கினர். மணல்வாரியோ அந்த நினைவணுக்களையே அழிப்பது. முன்பு வென்ற நோய்களை உடல் மறந்துபோகச் செய்வது. 2019-இல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

அன்று ஆத்தாவின் பெயரால் ஊசியை மறுத்தது அச்சம். இன்று அறிவியலின் வேடமிட்டே மறுக்கிறது. வேடம் மாறினும் பலியாவது குழந்தை. ஆகவே தோழர்களே, பூக்கூடை தூக்குபவரை எள்ளி நகைப்பது நம் பணியன்று. அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அணுக்களின் போரை அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவே பகுத்தறிவின் தொண்டு!