டிக்கன்ஸ் மறைத்து வைத்த பெண்... தேடிப்பிடித்து எழுதிய கிளேர் டோமலின் யார்?

'ஆலிவர் ட்விஸ்ட்', 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' எழுதிய சார்லஸ் டிக்கன்ஸ் பெயரைப் பள்ளிக்கூடத்துலயே கேட்டிருப்போம். குடும்பப் பாசத்தைக் கொண்டாடி எழுதிய அவர், கடைசி 13 ஆண்டுகள் ஒரு பெண்ணுடனான உறவை வெளியே தெரியாமல் மறைத்தார். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை எழுதியவர்தான் பிரிட்டன் எழுத்தாளர் கிளேர் டோமலின்.

யார் இவர்?

1933ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். கணவர் நிக்கோலஸ் டோமலின் பத்திரிகையாளர். 1973 அக்டோபரில் அரபு - இஸ்ரேல் போர்ச் செய்தி சேகரிக்கப் போன அவர், கோலான் குன்றுப் பகுதியில் கொல்லப்பட்டார். பிள்ளைகளைத் தனியாக வளர்க்க வேண்டிய நிலை.

அடுத்த ஆண்டே டோமலினின் முதல் புத்தகம் வந்தது. பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட்டின் வாழ்க்கை வரலாறு அது. அப்போது அவருக்கு வயது 40ஐத் தாண்டிவிட்டது. பிறகு 'நியூ ஸ்டேட்ஸ்மேன்', 'சண்டே டைம்ஸ்' இதழ்களில் இலக்கிய ஆசிரியராக இருந்தார். 1986ல் அந்த வேலையை விட்டுவிட்டு, வாழ்க்கை வரலாறு எழுதுவதையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டார்.

நெல்லி யார்?

முழுப்பெயர் எலன் டெர்னன். நாடக நடிகை. 1857ல் டிக்கன்ஸைச் சந்தித்தபோது நெல்லிக்கு 18 வயது, அவருக்கு 45. அடுத்த ஆண்டே, 10 குழந்தைகளைப் பெற்ற மனைவி கேத்தரினை டிக்கன்ஸ் பிரிந்தார். 1860ல் தனக்கு வந்த கடிதங்களை எல்லாம் தோட்டத்தில் போட்டு எரித்தார். நெல்லியும் அவரும் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றுகூட இன்று கிடையாது.

அப்புறம் எப்படித் தெரிஞ்சது?

* 1865 ஜூன் 9ல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்து. டிக்கன்ஸுடன் அதே பெட்டியில் நெல்லியும் அவர் அம்மாவும் இருந்தார்கள்.
* அமெரிக்கப் பயணத்தில் தொலைந்துபோன டிக்கன்ஸின் 1867ஆம் ஆண்டு பாக்கெட் டைரி, பல ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் கிடைத்தது. அதில் நெல்லியைக் குறிக்க ஒரே ஓர் எழுத்து.
* ஸ்லவ் என்ற ஊரின் வரிப் பதிவேட்டில், அவர் பொய்ப் பெயரில் வீடு எடுத்திருந்த தகவல்.
* உயிலில் முதலில் வரும் பெயரே நெல்லிதான். அவருக்கு 1,000 பவுண்டு.

இந்தத் தடயங்களில் பலவற்றை முந்தைய ஆய்வாளர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படின்னா டோமலின் செய்தது என்ன? கதையை நெல்லியின் பக்கத்திலிருந்து பார்த்தார். அன்றைய நடிகைகளைச் சமூகம் எப்படி நடத்தியது, டிக்கன்ஸ் இறந்தபின் நெல்லி தன் வயதைக் குறைத்துச் சொல்லி ஓர் ஆசிரியரை மணந்தது, தாயின் மறைவுக்குப் பிறகே மகனுக்கு உண்மை தெரிய வந்தது என எல்லாவற்றையும் சேர்த்தார். 1990ல் வந்த அந்தப் புத்தகம் 'தி இன்விசிபிள் வுமன்'. 2013ல் ரால்ஃப் ஃபைன்ஸ் இயக்கி, நடித்துப் படமாகவும் வந்தது.

எல்லாம் நிரூபணம் ஆயிடுச்சா?

இல்லை. இருவருக்கும் குழந்தை பிறந்து இறந்ததாக டிக்கன்ஸின் மகள் கேட் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்று கிடைக்கவில்லை. புத்தகம் வெளியான பிறகு, டிக்கன்ஸ் மயங்கி விழுந்தது நெல்லியின் வீட்டில்தான் என்ற குடும்பச் செய்தியுடன் டோமலினுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. அதை ஆராய்ந்து அடுத்த பதிப்பில் சேர்த்தார். நடந்திருக்கலாம் என்றுதான் எழுதினார், நடந்தது என்று அடித்துச் சொல்லவில்லை.

வேறு யாரைப் பற்றி எழுதினார்?

ஜேன் ஆஸ்டின் (1997), தாமஸ் ஹார்டி (2006), டிக்கன்ஸின் முழு வாழ்க்கை (2011), இளம் வயது எச்.ஜி.வெல்ஸ் (2021). டைரி எழுதியே புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் பற்றிய புத்தகம், 2002ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் சிறந்த நூல் விருதை வென்றது. இறுதிப் போட்டியில் அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இரண்டாவது கணவர், நாவலாசிரியர் மைக்கேல் ஃப்ரெய்ன்!