சஸ்பென்ஷன் உயர்த்தல்

சஸ்பென்ஷன் உயர்த்தல் என்பது, கரடுமுரடான பாதைகளில் செல்லும் வண்டியின் உடலை அச்சுகளுக்கு மேல் கூடுதல் உயரத்தில் நிறுத்தும் மாற்றம் ஆகும். பழைய மகிந்திரா ஜீப்புகளில் பட்டைவில்லை அச்சுக்கு மேலே மாற்றிப் பொருத்தியும், பிற வண்டிகளில் நீளமான சுருள்வில் இட்டும் இதைச் செய்வர்.

இதனால் மட்டுமே வண்டியின் அடிப்பாகம் பாறையில் தட்டாது என்று கருதுவது சரியன்று. திட அச்சு வண்டிகளில் உடல் உயர்ந்தாலும் அச்சும் டிஃபரன்ஷியல் பெட்டியும் பழைய உயரத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்துவது பெரிய டயரே. அது மட்கார்டில் உரசாமல் சுழல இடம் தருவதே உயர்த்தலின் முதன்மைப் பயன். 2020 இல் வெளிவந்த தார் வண்டியின் ஒரு வகையில் இருந்த 245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 774 மி.மீ. அதற்குப் பதில் 285/75 ஆர்16 (834 மி.மீ.) பொருத்தினால் பின் அச்சு உயர்வது 30 மி.மீ. மட்டுமே. வேகமானியோ 60 கி.மீ. காட்டுகையில் வண்டி 64 கி.மீ.க்கு மேல் ஓடும். இழுவை குறையும், பிரேக்கின் சுமை கூடும்.

புவியீர்ப்பு மையம் உயர்வதே பெரிய இடர். பாலசமுத்திரத்துக்குத் தெற்கே எழும் பழனி மலையின் கொண்டை ஊசி வளைவுகளில், வேகமாகத் திரும்பும் இத்தகைய வண்டி எளிதில் கவிழக்கூடும்.

இந்தியாவில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்தது.