ஹைபிரிட் கார்களும் மின்சார கார்களும்

பெட்ரோல் எஞ்சின், மின் மோட்டார் இரண்டையும் கொண்டு ஓடுவது ஹைபிரிட் கார். பேட்டரியில் சேமித்த மின்சாரத்தால் மட்டுமே ஓடுவது மின்சார கார். முன்னது வீணாகும் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது. பின்னது பெட்ரோலையே விலக்குகிறது.

வரலாறு

மின்சார கார் புதிய கண்டுபிடிப்பு அல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதலில் தாண்டிய சாலை வாகனம், 1899இல் பெல்ஜியத்தின் கமீல் ஜெனாட்சி ஓட்டிய மின்சார கார்தான். எஞ்சினையும் மோட்டாரையும் இணைத்த காரை ஃபெர்டினாண்ட் போர்ஷே 1900இலேயே உருவாக்கினார். 1912இல் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் பாடு ஒழிந்ததும் பெட்ரோல் கார்கள் முந்திக்கொண்டன.

1997 டிசம்பரில் கியோட்டோவில் காலநிலை மாநாடு நடந்த நாட்களிலேயே, டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் ஹைபிரிட் கார் அது. பெங்களூரில் உருவான ரேவா மின்சார கார் 2001இலும், நிசான் லீஃப் 2010இலும் சந்தைக்கு வந்தன. ஜப்பானில் ஓடிய பழைய ஹைபிரிட் கார்கள் இறக்குமதியாகி, இலங்கைச் சாலைகளில் இன்று சாதாரணக் காட்சியாகிவிட்டன.

பயன்கள்

சிவப்பு விளக்கைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, சாதாரண காரில் வண்டியின் வேகம் பிரேக் தட்டில் வெப்பமாகி வீணாகிறது. பிரியஸில் மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. கார் நின்றதும் எஞ்சின் அணைகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் மோட்டாரே வண்டியை நகர்த்துகிறது. ஆகவே நின்று நின்று போகும் நகர நெரிசலில் மிச்சம் அதிகம். சீரான வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் குறைவு.

சாதாரண பெட்ரோல் காரில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு சக்கரத்தை எட்டுவதே இல்லை. மின் மோட்டாரோ, பெறும் மின்சாரத்தில் சுமார் 90 விழுக்காட்டை இயக்கமாக்குகிறது. மின்சார காருக்குப் புகைக்குழாய் இல்லை. ஆயில் மாற்றும் வேலையும் இல்லை.

வரம்புகள்

மின்சார காருக்கு முதல் தடை எடை. முதல் லீஃபின் 24 கிலோவாட்-மணி பேட்டரி ஏறத்தாழ 300 கிலோ. அமெரிக்க அரசின் அளவீட்டில் அது ஒரு சார்ஜில் சுமார் 117 கி.மீ. ஓடியது. 40 லிட்டர் பெட்ரோலின் எடை 30 கிலோதான். அதில் சிறிய கார் 500 கி.மீ.க்கு மேல் போகும். புதிய பேட்டரிகள் இந்த இடைவெளியைக் குறைத்திருந்தாலும் ஒழிக்கவில்லை.

அடுத்தது நேரம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் 40 கிலோவாட்-மணி பேட்டரியை நிரப்ப ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். சொந்த நிறுத்துமிடம் இருப்பவருக்கு அது ஓர் இரவு வேலை. தெருவில் காரை நிறுத்தும் குடும்பத்துக்குப் பெரும் சிக்கல்.

வெப்பமும் பேட்டரிக்குப் பகை. திரவக் குளிர்விப்பு இல்லாத முதல் லீஃப் கார்களின் பேட்டரிகள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் விரைவாகத் திறன் இழந்தன. பல பேட்டரிகளுக்குக் கோபால்ட் தேவை. உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவில் வெட்டப்படுகிறது. அங்குள்ள சுரங்கங்களில் குழந்தைகளும் உழைக்கும் கொடுமை இன்னும் தீரவில்லை. கோபால்ட் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பரவிவருவது ஆறுதலான மாற்றம்.

மதிப்பீடு

புகையை ஊரை விட்டு விரட்டினால் மட்டும் போதாது; அது மின்நிலையத்திலும் குறைய வேண்டும். நார்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமானவை மின்சார கார்கள். இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. இங்கே ஒவ்வொரு காற்றாலையும் சூரியத் தகடும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சார கார்களையும் சேர்த்தே தூய்மையாக்கும். ஒருமுறை வாங்கிய பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.