‘ஈடுபடுதல்’: வ்யாக்யான வழக்கும் இன்றைய வழக்கும்

பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைக் கற்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் வினைச்சொல் ‘ஈடுபடுதல்’. ஆழ்வார் பகவத்குணத்திலே ஈடுபட்டார் என்னுமிடத்து, இன்று பழகிய பொருளையே கொண்டால் வ்யாக்யாதாவின் திருவுள்ளம் தவறிப்போம்.

திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை வரை இச்சொல் இன்று செயலையே குறிக்கிறது. உற்பத்தியில் ஈடுபட்டனர், போராட்டத்தில் ஈடுபட்டனர், திருட்டில் ஈடுபட்டனர் என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதும். இங்கே கர்த்தா மனிதன். வேண்டும்போது தொடங்குவான், வேண்டும்போது விடுவான்.

வ்யாக்யான வழக்கு இதற்கு நேர்மாறு. 13ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை அருளிய திருவாய்மொழிப் பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதிலும் பெரியவாச்சான்பிள்ளையின் உரைகளிலும் ‘ஈடுபடுதல்’ என்பது குணத்துக்குத் தோற்றுத் தன்வசம் இழத்தல். இதற்கு இனமான சொல் ‘துவக்குண்ணுதல்’; அழகிலே கட்டுண்டு பெயரமாட்டாமை அதன் பொருள். முன்னதில் ‘படு’, பின்னதில் ‘உண்’. இரண்டும் செயப்பாட்டுப் பொருள் தருவன. அநுஸந்தித்தல் சேதநன் செய்வது. ஈடுபடுதல் அவனுக்கு நேர்வது.

திருவாய்மொழி முதற்பத்து மூன்றாம் திருவாய்மொழியில், கண்ணன் உரலிலே கட்டுண்ட எளிமையை நினைத்த நம்மாழ்வார் ஆறு மாதம் மோஹித்துக் கிடந்தார் என்பது ஸம்ப்ரதாயம். நினைக்கத் தொடங்கியவர் ஆழ்வார். மேலே சொல்லவொட்டாமல் பிடித்து நிறுத்தியது அவனுடைய ஸௌலப்யம். ஈடுபாட்டுக்கு இதுவே உரைகல்.

தொண்டைநாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. திருவள்ளூராகிய திருவெவ்வுளில் எம்பெருமான் சாலிஹோத்ர முனிவரிடம், சயனிக்க எவ்வுள் என்று வினவினான் என்பது தலபுராணம். அருகிலுள்ள திருமழிசையில் அவதரித்த ஆழ்வாரோ, நான்முகன் திருவந்தாதி 36ஆம் பாசுரத்தில் திருவெவ்வுள் உள்ளிட்ட தலங்களில் அவன் கிடப்பதன் கருத்தை வெளியிடுகிறார்: தன்னைப் பற்றுவாருடைய நெஞ்சில் புகுவதற்காகவே அக்கிடை. நெஞ்சு அவனைத் தேடிப் பிடிப்பதற்கு முன்னமே, நெஞ்சைப் பிடிக்க அவன் காத்துக் கிடக்கிறான். ‘ஈடுபடுதல்’ என்னும் வினையின் இலக்கணம் இதுவேயன்றோ?

சொற்பொருள் காலந்தோறும் மாறுவது இயல்பு. இன்றைய வழக்கைப் பிழை என்பதற்கில்லை. அப்பொருளைப் பழைய உரையில் ஏற்றுவதே பிழை. அங்ஙனம் ஏற்றினால், அவன் குணத்துக்கு உரிய வெற்றி ஆழ்வாருடைய முயற்சியின் கணக்கில் சேர்ந்துவிடும். அதனை ஆழ்வார்களே இசையார்கள். ஆகவே காலக்ஷேபத்தில் இச்சொல் முதன்முதல் வருமிடத்திலேயே அதன் பழம்பொருளைச் சிறுவர்க்கு விளக்கிவிடுவது நன்று.