கார் ஸ்டார்ட் ஆன கதை

அவசரமாகக் கிளம்பும் நாள் பார்த்துத்தான் கார் மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றாது, ‘டிக்... டிக்... டிக்...’ என்று சத்தம் மட்டும் வரும். பேட்டரி டவுன்! பக்கத்து வீட்டுக் காரும் ஒரு கேபிளும் கிடைத்தால் போதும், அல்லது தள்ளிவிட நாலு பேர் வேண்டும். சட்டை கொஞ்சம் அழுக்காகும், ஆபீசுக்கு லேட்டாகும், அவ்வளவுதான். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் காரை ஸ்டார்ட் செய்வதில் கை முறிந்தவர்கள் உண்டு. மருத்துவப் புத்தகங்களில் மணிக்கட்டு எலும்பு முறிவு ஒன்றுக்கு இன்றைக்கும் ‘டிரைவர் முறிவு’ என்ற அர்த்தத்தில்தான் பெயர் இருக்கிறது.

இந்தத் தொல்லைக்கெல்லாம் காரணம் பெட்ரோல் என்ஜினின் ஒரு பிறவிக் குணம். நீராவி என்ஜினுக்கு நீராவி கிடைத்தால் போதும், மின் மோட்டாருக்குக் கரண்ட் கிடைத்தால் போதும், நின்ற இடத்திலிருந்து தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். பெட்ரோல் என்ஜின் அப்படியில்லை. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க வேண்டும், அழுத்த வேண்டும், சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். இதில் முதல் இரண்டு வேலைகள் நடக்க, என்ஜின் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். ஆகவே முதல் சுற்றை யாராவது வெளியிலிருந்து சுற்றிக் கொடுத்தாக வேண்டும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் அந்த ‘யாராவது’, பின்னால் இருந்த பெரிய ஃப்ளைவீலைக் கையால் பிடித்துச் சுற்ற வேண்டும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், தன் இரண்டு மகன்களுடன் இந்த வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் குத்தும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். இக்னிஷன் வயர் தேய்ந்துபோனது, காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றினார். எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினார்! ரோட்டில் நின்ற காரைப் பழுதுபார்த்தவர்களின் வரலாற்றில் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து வந்த கார்களில் ஃப்ளைவீலுக்குப் பதில் முன்பக்கம் ஓர் ஓட்டை, அதில் செருக ஒரு இரும்புக் கம்பி. அதுதான் ஹேண்டில். பார்க்க எளிமை, பழக ஆபத்து. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பொறி விழுந்துவிட்டால் வெடிப்பு அதைத் திரும்பக் கீழே தள்ளும். என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும், கூடவே ஹேண்டிலும். அதனால்தான் பழைய டிரைவர்கள் சில விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். கீழே அழுத்தாதே, மேலே இழு. முக்கியமாக, பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும் லீவரைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட வேண்டும். ஒரு நாள் மறந்தால் போச்சு!

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் இன்னொரு வேடிக்கை. குளிர் நாளில் எண்ணெய் கெட்டியாகி, கிளட்ச் முழுவதுமாக விடுபடாது. என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வண்டி மெதுவாக நகர ஆரம்பிக்கும், எதிரே நிற்பவர் ஹேண்டில் போட்டவர்தான்! அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள்.

ஆனால் ஹேண்டில் காலத்தில் ஒரு நன்மையும் இருந்தது. எங்கே கோளாறு என்பதைக் கையே சொல்லிவிடும். சுற்றும்போது சரியான இடத்தில் எதிர்த்துத் தள்ளினால் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறது. தடையே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் வால்வோ ரிங்கோ போய்விட்டது. இந்தக் கைராசி இன்றைய டிரைவர்களுக்குக் கிடையாது.

இனி, ஒரு மரணத்தின் கதை. பைரன் கார்ட்டர் என்ற அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் 1908-ல் இறந்தார். டெட்ராய்ட் அருகே பாதி வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவப்போய், ஹேண்டில் உதைத்துத் தாடை உடைந்து, அதன் விளைவாக இறந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. (கார்ட்டர் இறந்தது நிமோனியாவால் என்பதால் சில வரலாற்று ஆர்வலர்கள் இந்தக் கதையைச் சந்தேகிக்கிறார்கள்.) கார்ட்டரின் நண்பர் ஹென்றி லேலண்ட், கேடிலாக் நிறுவனத்தின் தலைவர். இனி தன் கார்கள் யாரையும் காயப்படுத்தக் கூடாது என்று அவர் முடிவெடுத்ததற்கு இந்த மரணம்தான் காரணம் என்பது கதையின் அடுத்த பகுதி. எது எப்படியோ, லேலண்ட் தேடிப் போன ஆள் சரியான ஆள்.

அவர் பெயர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலம் டேட்டனில் கல்லாப்பெட்டி செய்யும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து, டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்தக் கொட்டகைதான் டெல்கோ கம்பெனியாக வளர்ந்தது.

மின்சாரத்தால் காரை ஸ்டார்ட் செய்யும் யோசனை புதிதில்லை. இங்கிலாந்தில் 1896-லேயே டவ்சிங் என்பவர் ஒரு காரில் செய்து பார்த்திருக்கிறார். ஆனால் பலமான என்ஜினைச் சுற்ற மோட்டாரும் பலமாக வேண்டுமே, அதற்குத் தக்க பேட்டரி வைத்தால் காரில் ஆள் உட்கார இடம் இருக்காதே என்பதுதான் பொறியாளர்களின் வாதம். கெட்டரிங்குக்குக் கைகொடுத்தது கல்லாப்பெட்டி! கல்லாப்பெட்டிக்கு அவர் செய்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. பட்டனைத் தட்டும்போது ஒரு நொடி வேலை, பிறகு ஓய்வு. சிறிய மோட்டாரின் மேல் அதன் தகுதிக்கு மிஞ்சிய சுமையை ஏற்றினாலும், சில நொடிகள் மட்டும் என்றால் அது எரிந்துபோகாது. கார் ஸ்டார்ட் ஆகவும் சில நொடிகள்தானே? ஸ்டார்ட் ஆனபின் அதே மோட்டாரை என்ஜின் சுற்றட்டும், அது டைனமோவாக மாறி பேட்டரியை சார்ஜ் செய்யட்டும். 1911 பிப்ரவரியில் கேடிலாக்கிடம் செய்து காட்டினார். 1912 மாடல் கேடிலாக் கார்களில் ஹேண்டில் சுற்றும் வேலை இல்லாமல் போனது.

இன்றைக்கும் கார் ஸ்டார்ட் ஆகாதபோது மெக்கானிக் சொல்லும் முதல் அறிவுரை, சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், பத்து நொடிக்குள் விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து முயலுங்கள் என்பது. அது கெட்டரிங்கின் கணக்கு! அந்தச் சின்ன மோட்டார் சில நொடிகளுக்கு மட்டும்தான் மல்லன்.

இதில் தோற்றது யார் தெரியுமா? மின்சாரக் கார். ஹேண்டில் இல்லை, உதைக்காது, ஏறி உட்கார்ந்தால் போகும் என்பதால் அந்தக் காலத்தில் அதைப் பெண்களுக்கான கார் என்றே விளம்பரம் செய்தார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்தான்! வீட்டுக்காரர் செய்த காரை விட்டுவிட்டு. செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் மின்சாரக் காரின் பெரிய அனுகூலம் ஒன்று போய்விட்டது. ஃபோர்டோ மாடல் டி-யில் 1919-ல்தான் ஸ்டார்ட்டரைக் கொடுக்க ஆரம்பித்தார்.

இந்தியச் சாலைகளில் ஹேண்டில் இன்னும் நெடுநாள் வாழ்ந்தது. பழைய அம்பாசடர், ஃபியட் கார்களில் செல்ஃப் இருந்தாலும், பேட்டரியை நம்பாமல் டிக்கியில் ஹேண்டிலும் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் உள்ளிட்ட வாகன மின்கருவிகள் செய்வதற்காக சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-ல் தொடங்கப்பட்டது.

கை சொன்ன நோயை இப்போது காது கேட்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், முன்விளக்குகளுக்கோ பத்து ஆம்பியர் போதும். ‘விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சாவியைத் திருப்பும்போது சாலினாய்டு என்ற மின்காந்தம் மோட்டாரை இணைக்கிறது. உடனே வலுவில்லாத பேட்டரியின் மின்னழுத்தம் விழுகிறது, காந்தம் விட்டுவிடுகிறது, மின்னழுத்தம் மீள்கிறது, மறுபடி பிடிக்கிறது. அந்த ‘டிக் டிக் டிக்’ இதுதான். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் டெர்மினல் லூசாகவோ மோட்டாரின் பிரஷ் தேய்ந்தோ இருக்கலாம். என்ஜின் ஜோராகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் ஸ்டார்ட்டர் மேல் பழியில்லை, பெட்ரோலையோ பொறியையோ பார்க்க வேண்டும். பெர்த்தா பென்ஸ் ஊசியும் காலுறைப் பட்டையும் கொண்டு சரிசெய்ததும் இதே இரண்டைத்தான்.

அன்று தோற்ற மின்சாரக் கார் இப்போது திரும்ப வந்திருக்கிறது. சுற்றிவிட என்ஜினே கிடையாது. ஆனால் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டருக்கும் பெரிய பேட்டரியை இணைக்கும் ஸ்விட்சுக்கும் கரண்ட் கொடுக்க ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது டவுன் ஆனால், பெரிய பேட்டரி முழு சார்ஜில் இருந்தாலும் கார் கிளம்பாது!