தண்ணீர் இல்லாத ஏரிக்கு ஒரு கோடைச் சுற்றுலா



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள். ஆனால் பள்ளி விடுமுறை முடிவதற்குள் வாசித்துவிடுங்கள். காரணம் கடைசியில் தெரியும்.

பேத்தி எட்டாம் வகுப்பு, பேரன் ஐந்தாம் வகுப்பு. தேர்வு முடிந்த மறுநாளே "கொடைக்கானல் ஏரியில போட்டிங் போகணும் பாட்டி" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நான் கூட்டிப் போறேன் வாங்க" என்று ஒரு நாள் காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிவிட்டோம். புளிசாதம், தயிர்சாதம், மாவடு, மூன்று பாட்டில் தண்ணீர். செங்கல்பட்டு நெருங்கும்போது ஜன்னலோரம் கொளவாய் ஏரி வந்தது. பேரன் எழுந்து நின்று பார்த்தான். அங்கிருந்து பேருந்து பிடித்து, நான் பிறந்த ஊர்ப் பக்கம் உள்ள ஏரிக்கரையில் போய் இறங்கினோம்.

கரைமேல் ஏறியதும் பேத்தி கேட்டாள்: "தண்ணியே இல்லையே பாட்டி, இதுல என்ன பார்க்கிறது?"

நியாயமான கேள்விதான். உள்வாய் முழுக்க வெடித்துக் கிடந்தது. நடுவில் குட்டை போலக் கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றி நாலைந்து கொக்கு, மேயும் மாடுகள். அவ்வளவுதான்.

முதலில் ஏரிக்கும் ஏரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். கொடைக்கானல் ஏரி 1863-இல் உருவானது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளைத் தடுத்து அதை அமைத்தார். படகு விடுவதும் கரையில் உலாவுவதும் அங்கே தொடக்கத்திலிருந்தே உண்டு. நம் சமவெளி ஏரி அப்படிப்பட்டதல்ல. நெல்லுக்காக வெட்டியது. மழைக்காலத்தில் நிறையும், பயிருக்குக் கொடுத்துக் கொடுத்துக் குறையும், சித்திரையில் வற்றும். தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கும் அதிகமான ஏரி, கண்மாய்கள் உண்டு. எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகள் மாவட்டம் என்றே சொல்வார்கள்.

வற்றுவது ஏரிக்குக் குறையில்லை. வற்றும் காலத்தில்தான் ஊர் ஏரிக்குள் இறங்கியது.

1960-களில் நான் சிறுமியாக இருந்தபோது எங்களுக்குக் கோடைச் சுற்றுலா என்ற சொல்லே தெரியாது. ஆனால் மே மாதம் முழுக்க ஏரியில்தான் கிடப்போம். அப்பா மாட்டு வண்டியில் வண்டல் மண் அடிப்பார். ஏரியின் அடியில் படிந்த அந்த மண்தான் எங்கள் நிலத்துக்கு உரம். நான் தூக்கில் கூழும் வெங்காயமும் கொண்டு போவேன். கரையில் வரிசையாகப் பனைமரங்கள். நுங்கு வெட்டித் தந்தால் விரலை விட்டுத் தோண்டிச் சாப்பிட்டுவிட்டு, காய்ந்த குரும்பையில் வண்டி செய்து ஓட்டுவோம். உள்வாயில் சிலர் வெள்ளரி போட்டிருப்பார்கள். கடைசித் தண்ணீர் வற்றும்போது மீன் பிடிப்பு. விரால் கிடைத்த வீட்டில் அன்று தெருவே மணக்கும்.

இந்த விளையாட்டெல்லாம் பெரியவர்களின் வேலைக்கு நடுவே நடந்ததுதான். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையைப் பலப்படுத்துவது, வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது, மதகைச் சரிசெய்வது. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். என் தாத்தா காலத்துக் கதையாக அப்பா இதைச் சொல்வார். நான் பார்த்தபோது அது பாதி தேய்ந்திருந்தது.

இதன் வேர் மிகப் பழையது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தேர்தலில் அமைந்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். ஒரு குளத்தைப் பார்த்துக்கொள்வதற்குத் தேர்தலும், தகுதியும், தகுதி நீக்கமும் வைத்த ஊர் அது. நில உடைமை உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தச் சபை என்பதையும் வகுப்பில் தவறாமல் சொல்வேன். வரலாற்றில் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

அதேபோல் நான் சொல்லும் 1960-களும் பொற்காலம் அல்ல. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டவர் நீர்க்கட்டி. எங்கள் பகுதியில் பெரும்பாலான ஊர்களில் அந்த வேலையைப் பார்த்தவை நிலமில்லாத தலித் குடும்பங்கள். யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஏரியில் எல்லோரும் குளிக்கும் துறையில் அவர்கள் இறங்க முடியாது. பெண் பிள்ளைகளுக்கு நீச்சலும் கிடையாது. துணி துவைத்துவிட்டு வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் காலத்தில் குடிமராமத்து என்ன ஆனது? ஊர் தானாகச் செய்த வேலை சட்டமாயிற்று. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. மராமத்துக்கு வராவிட்டால் தண்டம். வரி சர்க்காருக்கு, மண் சுமப்பது மட்டும் நமக்கா என்று குடியானவன் நினைத்தால் அதில் தவறு என்ன?

ஆனாலும் ஏரியைப் புரிந்துகொண்ட ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். 1794 முதல் 1798 வரை இந்தப் பகுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவர். கனமழையில் கரை உடையப் போகிறது என்று பதறிய இரவில், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நின்றதை அவர் பார்த்தார் என்பது ஊர்க்கதை. ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்த கதையும் அதுதான். கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தாயார் சந்நிதியில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊரார் கேட்டபோது 1798-இல் அதற்கு உரிமை எழுதிக் கொடுத்தவரும் அவரே. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காப்பாற்றிய வேடந்தாங்கல் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இனி நம் புறநகருக்கு வருவோம். தி.நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி என்றால் என் பேரன் நம்பவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டிருந்த நெடிய ஏரி அது. 1920-களில் தண்ணீரை வடித்து மனை பிரித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் மட்டும் மிச்சம். பிறகு நகரம் தெற்கேயும் மேற்கேயும் நகர நகர ஏரிகள் சுருங்கின. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். நாலே வருடத்தில், 2019-இல், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு பறவை பார்க்கப் போவது போல மக்கள் லாரி பார்க்கக் காத்திருந்தோம்.

இப்போது பல ஏரிக்கரைகளில் நடைபாதை போட்டு, பெஞ்சு போட்டு, வேலி கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான், நானும் நடக்கிறேன். ஆனால் நாம் பார்ப்பது ஏரியின் மேல்பரப்பை மட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இருபது வருடமாக மனதில் கிடக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

புறநகர்ப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு "ஏரியின் பயன்கள்" என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான். பாசனம், குடிநீர், மீன்வளம், நிலத்தடி நீர், பறவைகள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். கோடை விடுமுறைக்கு அவன் ஆயா ஊருக்குப் போனான். அங்கே ஏரியில் லாரிக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று இருந்திருக்கிறது. முன்பு வண்டல் எடுத்தவர்கள் மேலாகச் சுரண்டி எடுப்பார்கள். ஏரி சரிவாகவே இருக்கும். இயந்திரம் தோண்டியது செங்குத்துப் பள்ளம். கோடை மழை ஒன்று பெய்து அதில் தண்ணீர் நின்றது. சுற்றிலும் கணுக்கால் ஆழம்தான். பிள்ளைகள் நடந்து விளையாடியிருக்கிறார்கள். அவன் மட்டும் திரும்பி வரவில்லை.

ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான்.

அவன் அம்மா பள்ளிக்கு வந்து அவன் நோட்டுகளைக் கேட்டார். அந்த ஐந்துக்கு ஐந்து இருந்த பக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். ஏரியின் பயன்களைச் சொல்லிக் கொடுத்தேனே, ஏரியைச் சொல்லிக் கொடுத்தேனா? என் அப்பா எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்: "கோடையில நடந்து பார்க்காத இடத்துல, மழைக்காலத்துல இறங்காதே." அது எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லவில்லை. பாடத்தில் இல்லை என்பது ஒரு பதிலா?

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஏப்ரலிலும் கடைசி வேலை நாட்களில் பிள்ளைகளை, பெற்றோர் இருவர் மூவரையும் சேர்த்துக்கொண்டு, பக்கத்து ஏரிக்கு நடத்திப் போனேன். "வெயில்ல எதுக்கு டீச்சர்?" என்றவர்கள் உண்டு. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்த வரிசையில் நடந்தவர்கள்தான்.

இப்போது பேரப் பிள்ளைகளுக்கும் அதையேதான் காட்டினேன். உள்வாயில் நிற்கும் பழைய கல்தூம்பு, முங்கிப்போய் அதன் அடைப்பைத் தூக்கினால்தான் தண்ணீர் போகும். தண்ணீர் போகும்போது கிட்டே போனால் இழுத்துவிடும். கரையின் ஒரு பக்கம் கலங்கல், ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். பாசி பிடித்த அந்தக் கல்மேல் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது. அளவுக் கல்லின் பக்கத்தில் பேரனை நிறுத்தினேன். "ஏரி நிரம்பினா தண்ணி எங்க வரும் பாட்டி?" என்றான். அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் கரையில் ஈரத் தழும்பைக் காட்டினேன். அவன் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம். வாயடைத்துப் போனான்.

இங்கேயும் ஒரு மண் பள்ளம் இருந்தது. விளிம்பிலிருந்து தள்ளி நின்று பார்த்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கரைமேல் பனை நிழலில் சாப்பிட்டோம். நுங்கு விற்றவர் "எந்த ஊரு பிள்ளைங்க?" என்று கேட்டு இரண்டு நுங்கு சேர்த்தே கொடுத்தார். பேரன் குரும்பை வண்டி ஓட்டினான். மழை முடிந்து தை மாதம் வேடந்தாங்கலுக்கு வரலாம், அப்போது மரமெல்லாம் பறவையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ரயிலில் திரும்பும்போது பேத்தி நோட்டில் ஏரியை வரைந்தாள். கரை, தூம்பு, கலங்கல், பள்ளம் நான்கையும் பெயர் எழுதிக் குறித்திருந்தாள். மதிப்பெண் போடச் சொன்னாள். நான் போடவில்லை. "அடுத்த வருஷம் கோடையில நீ தம்பிக்குக் காட்டு, அப்பப் போடறேன்" என்றேன்.

விடுமுறை இன்னும் மிச்சம் இருக்கிறது. கொடைக்கானல் போகிறவர்கள் சந்தோஷமாகப் போய் வாருங்கள். போக முடியாதவர்கள் ஒரு காலை, வெயில் ஏறுமுன், பக்கத்து ஏரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். குளிக்க இறங்க வேண்டாம், நடந்து பார்த்தால் போதும். பள்ளம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும். அதை மூடச் சொல்லி ஊராட்சியில் ஒரு மனுவும் கொடுங்கள்.

உங்கள் ஊர் ஏரியின் பெயர் என்ன? அதன் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தெரியாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்