பெயரெழுதாத கைகள்

தைப்பூசத்திற்குப் பத்துமலை ஏறும் கோலசிலாங்கூர்த் தோட்டத்தார்க்குச் சுண்ணாம்புக்கற் குகை புதிதன்று. அத்தகைய மலையொன்று வடக்கே ஈப்போவை அடுத்த தம்புனிலும் உண்டு. அதன் உயர்ந்த பாறைச்சுவரில் முன்னோர் தீட்டிய சித்திரங்களைக் கண்டவர் நம்மவருள் எத்தனை பேர்?

1959இல் கூர்க்காப் படை அதிகாரியொருவர் அவற்றைக் கண்டறிவித்தார். எண்ணிப் பார்த்ததில் 600க்கு மேற்பட்ட உருவங்கள். இரும்புச்சத்துள்ள செங்காவிக் கல்லைக் குழைத்துத் தீட்டியவை. மானுண்டு, மனிதருண்டு, கடற்பசுவென ஆய்வாளர் கொள்ளும் உருவமும் உண்டு. கடலோ இன்று பல மைல் தூரம்!

அரசர் வரிசையையே சரித்திரமென மனனஞ் செய்தோம் நாம். இச்சுவரில் அரசனில்லை, தீட்டியவன் பெயருமில்லை. காடழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன்மார்க்கு மட்டும் எக்கல்லில் பெயருண்டு?

ஆனால், பிற்காலத்தில் வந்த சிலர் அச்சுவரில் தத்தம் பெயரைக் கிறுக்கிப் போயிருக்கின்றனர்.